உன்னையே திட்டும் அந்தக் குரல்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அந்தப் பையன் மேல் சுள்ளென்று விழுந்துவிட்டாய். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூங்காமல் "நானெல்லாம் ஒரு டீம் லீடரா" என்று உன்னையே கரித்துக்கொட்டினாய். இரண்டையும் வேறு வேறு விஷயமாகச் சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லையடி. பகலில் அவன் மேல் பாய்ந்த குரல்தான் ராத்திரி உன் மேலும் பாய்ந்தது. சின்ன வயதிலேயே ஒரு மார்க் குறைந்தால், நாங்கள் வாய் திறப்பதற்குள் நீயே உன்னைத் திட்டி முடித்திருப்பாய்.

உன் மேல் கொஞ்சம் இரக்கம் வை என்றால், "அப்போ செஞ்சதெல்லாம் சரின்னு விட்டுடணுமாம்மா?" என்பாய். அதுதான் இல்லை. இதைப் பற்றி 2003-லேயே எழுதிய உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் மூன்று விஷயம் சொல்கிறார்: தன்னிடம் கனிவு, தவறுவது எல்லா மனிதருக்கும் பொது என்ற நினைப்பு, வேதனையை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்ப்பது. உனக்கு அந்த இரண்டாவதுதான் வராது. உலகத்திலேயே நீ ஒருத்திதான் சறுக்கினாய் என்று நினைப்பாய். 2012-ல் பிரைன்ஸ், சென் என்ற இருவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கடினமான தேர்வில் சொதப்பிய மாணவர்களில், தங்களைக் கனிவோடு பார்க்கச் சொல்லப்பட்டவர்கள்தான் மறு தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்களாம். செல்லம் கொடுத்தால் கெட்டுவிடும் என்ற நம் பயம் அங்கே பலிக்கவில்லை.

திட்டு விழும்போது மனசு தப்பிக்கத்தான் வழி தேடும். எங்கே தவறினோம் என்று பார்க்காது. விடிய விடிய அழுதாயே, அவனிடம் போய் ஒரு வார்த்தை பேசினாயா?

கோபம் ஏறும்போது உனக்குத் தாடை இறுகும், எனக்குத் தெரியும். அப்போதே ஒரு மூச்சு விட்டு, 'டெட்லைன் தவறிடுமோன்னு பயமா இருக்கு' என்று உனக்குள் சொல்லிக்கொள். அவனிடம், "மீட்டிங் முடிஞ்சதும் உட்கார்ந்து பார்ப்போம்" என்றால் போதும். பல நாள் மறந்துபோகும், வருஷக்கணக்கான பழக்கம் இல்லையா. மறந்ததற்காக மறுபடி உன்னைத் திட்டிக்கொள்ளாதே, நீ மாட்டிக்கொள்வதே அங்கேதான்.

திங்கள்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். சுருக்கமாக. உன் வருத்தத்தையெல்லாம் கொட்டி, கடைசியில் அவன் உன்னைத் தேற்றும்படி வைத்துவிடாதே. திட்டியது எல்லோர் முன்னாலும் என்பதால், அடுத்த மீட்டிங்கிலும் ஒரு வரி சொல்லிவிடு. அவன் என்ன சொன்னான் என்று போன் பண்ணு.

அம்மா