17 பேரின் மூளைப் படமும் என் அண்ணனின் மாத்திரை அட்டையும்

மருத்துவச் செய்தி வெளியிடும் தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான சான்று இல்லை என்று மனநல ஆய்வாளர் ஜோனா மான்கிரீஃப் குழுவினர் 2022 ஜூலையில் எழுதியபோது, உங்களுள் ஓர் இதழ் மனச்சோர்வு மாத்திரைகளே வீண் என்ற பொருள்படத் தலைப்பிட்டது. அதே ஆண்டு நவம்பரில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பெட் ஸ்கேன் (கதிரியக்கப் பொருளை உடலில் ஏற்றி எடுக்கும் படம்) ஆய்வு வந்ததும், செரட்டோனின் குறைபாடு நிரூபணமாகிவிட்டதாக அதே இதழ் எழுதியது.

முதல் செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட என் அண்ணன், ஐந்தாண்டுகளாகச் சாப்பிட்டுவந்த மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினார். நான்காம் நாள் மாடிப்படி இறங்கும்போது, தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்வதாகச் சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். துணிகளுக்கு அடியில் பிரிக்காத மூன்று அட்டைகளை அண்ணி கண்டெடுத்த பிறகே எங்களுக்குக் காரணம் விளங்கியது. நவம்பர் செய்தியைப் படித்தவர், தமக்கும் அந்த ஸ்கேனை எடுக்க வேண்டுமென்று கிளம்பினார்; ஸ்கேன் மையத்தில் இருந்த பெண், "தலைக்கு மட்டுமா, முழு உடம்புக்குமா?" என்று கேட்டார்.

அந்த ஆய்வில் இருந்த நோயாளிகள் 17 பேர். அவர்களிலும் 5 பேர் பார்க்கின்சன் நோயோடு மனச்சோர்வும் உள்ளவர்கள். ஒப்பீட்டுக்கு நலமானவர்கள் 20 பேர். செரட்டோனினைச் சுரக்கத் தூண்டும் ஆம்ஃபெட்டமின் என்ற மருந்தைக் கொடுப்பதற்கு முன்பு ஒருமுறையும் கொடுத்து மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறையும் படமெடுத்து, மூளையில் சுரக்கும் செரட்டோனின், ஊசியில் ஏற்றிய கதிரியக்கப் பொருளை ஏற்பிகளிலிருந்து (செரட்டோனின் வந்து ஒட்டும் இடங்களிலிருந்து) எவ்வளவு விலக்குகிறது என்று பார்த்தார்கள். நலமானவர்களிடம் அது விலகியது. நோயாளிகளிடம் சொல்லும்படியாக விலகவில்லை; அதாவது, செரட்டோனின் குறைவாகவே சுரந்தது. இது இரு குழுக்களின் சராசரிக்கு இடையிலான வேறுபாடேயன்றி, தனியொருவருக்கு நோய் உண்டா என்று சொல்லும் சோதனையன்று. அண்ணன் போன ஸ்கேன் மையத்தில் கேட்டு எடுத்துவிடக்கூடியதுமன்று: ஆய்வில் பயன்பட்ட கார்பன்-11 என்ற கதிரியக்கக் கரிமம் இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், அதைப் பக்கத்திலேயே சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கி இயந்திரத்தில் தயாரித்து உடனே ஊசியில் ஏற்றியாக வேண்டும். மாத்திரை பலன் தருமா என்பதையோ இவ்விரு ஆய்வுகளும் சோதிக்கவே இல்லை.

தங்கத்தின் விலையை ரூபாய் பிசகாமல் தினமும் அச்சிடும் உங்களுக்கு, 17 என்ற எண்ணை அச்சிட இடமில்லாமற் போனது வியப்பே. ஆய்வில் எத்தனை பேர், எத்தகையவர்கள் என்பதையும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்ற ஒரு வரியையும் செய்தியோடு சேர்த்தே வெளியிடுங்கள். கடைசிப் பத்தியில் அல்ல, தலைப்புக்குக் கீழேயே வெளியிடுங்கள்.

அண்ணன் இன்றும் அதே இதழைத்தான் வாங்குகிறார். மருத்துவப் பக்கத்தை அண்ணி முதலில் படித்துப் பார்த்துவிட்டே அவரிடம் தருகிறார். அந்த வேலையை அண்ணியிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்