கிருஷ்ணகிரியிலிருந்து அல்சூர் வரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கன்னியாகுமரியிலிருந்து பெங்களூர் வரை நாங்கள் குழுவாகச் சைக்கிளில் வந்த பயணத்தில், கடைசி நாளைப் பற்றி மட்டும் விரிவாக எழுதச் சொல்லியிருந்தாய். சரியான நாளைத்தான் கேட்டிருக்கிறாய். அதற்கு முந்தைய நாட்கள் நாற்கரச் சாலையிலும் வெயிலிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கழிந்தன.

விடிவதற்கு முன்பே கிருஷ்ணகிரியை விட்டுப் புறப்பட்டோம். அங்கிருந்து பெங்களூருக்குச் சுமார் 90 கிலோமீட்டர்தான் என்றாலும், ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலிருந்து 900 மீட்டர் உயரத்துக்கு ஏறியாக வேண்டும். சமதளமாகக் கண்ணுக்குத் தெரியும் சாலையிலும் ஏற்றத்தைக் கால்கள் கண்டுகொண்டன. சூளகிரி தாண்டும்வரை யாரும் அதிகம் பேசவில்லை. வலுவானவர்கள் முறைவைத்து முன்னால் சென்று எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவர்களின் பின்சக்கரத்தை ஒட்டி வந்தோம். நெடுஞ்சாலையில் களைப்பைக் குறைக்க இதைவிட நல்ல முறை இல்லை.

ஓசூரில் இட்லி சாப்பிட்டு, அத்திப்பள்ளியில் எல்லையைக் கடந்தோம். சந்தாபுரம் வருமுன் ஒருவருடைய பின்சக்கரம் பஞ்சரானது. டியூபை மாற்றிச் சிறிது தூரம் செல்வதற்குள் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. எங்களில் மூத்தவர் டயரைக் கழற்றி, உட்புறம் முழுவதும் ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கியது. தலைமுடியைப் போன்ற மெல்லிய எஃகுக் கம்பி, வெளியே தெரியாமல் ரப்பருக்குள் புதைந்திருந்தது. லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது அவற்றுக்குள் இருக்கும் கம்பிகள் சாலையோரமெங்கும் கிடக்கும் என்றும், குத்திய பொருளைத் தேடி எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றுவதில் பயனில்லை என்றும் அவர் சொன்னார். நகவெட்டியால் அதைப் பிடுங்கி எடுத்த பிறகு, பெங்களூரில் எங்கள் முடிவிடமான அல்சூர் வரை அந்தச் சக்கரம் தொல்லை கொடுக்கவில்லை.

பொம்மசந்திராவில் தொடங்கும் மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டதை நீ படித்திருப்பாய். அதன் தூண்களும், எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் மேம்பாலத்தின் தூண்களும் துணைவர, கீழே ஓசூர் சாலையில் பேருந்துகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையே நாங்கள் ஊர்ந்து வந்தோம். இலக்கு நெருங்கியதும் இளைஞர்கள் சிலருக்கு வேகம் பிறந்துவிட்டது. நான் மிகவும் அஞ்சியது இதற்குத்தான். ஒரு சிக்னலில் பாதிப் பேர் கடந்து மீதிப் பேர் நின்றுவிட்டால், முன்னால் போனவர்கள் பதற்றத்தோடு திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள், பின்னால் இருப்பவர்கள் அவர்களைப் பிடிக்கச் சிவப்பு விளக்கில் பாய்வார்கள். ஆகவே பொம்மனஹள்ளியில் எல்லோரையும் நிறுத்தி, நெடுஞ்சாலை ஒழுங்கை அப்படியே தலைகீழாக்கினோம். ஐந்தைந்து பேராகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவிலும் மிக மெதுவாக ஓட்டுபவர் முன்னால், வலுவானவர் கடைசியில். முதலில் முணுமுணுத்தவர்கள்கூட சில்க் போர்டு சந்திப்பைச் சேதமில்லாமல் கடந்த பின் மறுபேச்சுப் பேசவில்லை. மடிவாளா, ஆடுகோடி, ரிச்மண்ட் சாலை, டிரினிட்டி சர்க்கிள் என்று ஒருவரும் பிரியாமல் அல்சூர் ஏரிக்கரையை அடைந்தோம்.

முடிவிடமாக அங்குள்ள திருவள்ளுவர் சிலையைத் தேர்ந்தது என் யோசனை. குமரிக்கடலில் 133 அடி உயரச் சிலையைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டவர்கள் இங்கே வந்து சேர்வதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது. நீயும் நானும் இங்கே ஒரே அறையில் தங்கியிருந்த காலத்தில் இந்தச் சிலை மூடியே கிடந்ததை இளையவர்களுக்குச் சொன்னேன். 1991 முதல் காத்திருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது என்றதும் வியந்துபோனார்கள். அடுத்த நான்கு நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. வழியில் போன கன்னடக்காரர் ஒருவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்து, எங்கள் எல்லோரையும் சேர்த்துப் படம் எடுத்துக் கொடுத்தார்.

பொங்கலுக்குப் பிறகு ராமநகரம், சென்னபட்டணம் வழியாக மைசூர் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மருத்துவர் அனுமதித்தால் கட்டாயம் வந்து சேர். வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதே, உன்னையே முன்னால் விடுவோம். மருத்துவர் சொன்னதை மறைக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்