பிரேக் போல்ட்டில் மரை போனால் மறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தூத்துக்குடியில் 37 வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன மாதம் என் மருமகனின் பைக்கில் பார்த்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வண்டியைச் சர்வீஸுக்கு விட்டு, முன் சக்கரத்துக்குப் புது பிரேக் பேட் மாட்டி வாங்கி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "மாமா, முன் பிரேக்கைப் பிடிச்சா டக்குன்னு ஒரு சத்தம் வருது" என்றார் மருமகன். என் பேத்தியை அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். ஸ்டாண்ட் போட்டு, பிரேக் பேடுகளை வைத்துச் சக்கரத்தின் டிஸ்க் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிபரைக் கையால் பிடித்து அசைத்தேன். ஆடியது. அந்தக் காலிபரை, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். கீழ் போல்ட் இறுக்கமாக இருந்தது. மேல் போல்ட்டில் 12 ஸ்பானரைப் போட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றியது. வெளியே இழுத்துக்கொண்டே திருப்பினேன், கையோடு வந்துவிட்டது.

போல்ட்டின் மேல் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. தண்ணீர்க் குழாய்க்கு பிளம்பர் சுற்றுவாரே, அதே டெஃப்ளான் டேப். நகத்தால் உரித்துப் பார்த்தேன். போல்ட்டின் மரைக்குள், அதாவது திருகு வரிகளுக்குள், வெள்ளிக் கம்பி போல மெல்லிய அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. ஃபோர்க்கின் துளைக்குள் இருந்திருக்க வேண்டிய மரை அது. முழுசாகப் பிய்ந்து போல்ட்டோடு வந்திருக்கிறது. துளைக்குள் டார்ச் அடித்தால் வழவழவென்று இருக்கிறது. அந்த இடத்தில் டேப்பைச் சுற்றி, போல்ட்டைத் திணித்து, வண்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

முன் பிரேக் பிடிக்கும்போது காலிபரும் டிஸ்க்கோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். சுற்றவிடாமல் தடுத்து நிற்பவை இந்த இரண்டு போல்ட்டுகள்தான். ஒன்று வெளியே வந்துவிட்டால் காலிபர் மற்றொன்றில் தொங்கிக்கொண்டு சக்கரத்துக்குள் சாயும். அந்த வண்டியின் பின்னால் எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் கை நடுங்குகிறது.

அந்தப் பட்டறைக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. பேட் மாட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கும். போல்ட்டைக் காட்டியதும் முகம் செத்துவிட்டது. "கடைசியா ஒரு இறுக்கு இறுக்கினேன் அண்ணாச்சி, அப்புறம் சும்மா சுத்துச்சு. மொதலாளிட்ட சொன்னா ஏசுவாவ, சம்பளத்துல புடிச்சிருவாவ" என்றான். அவன்மேல் கோபம் வரவில்லை. அப்படியொரு பயத்தில் அவனை வைத்திருப்பவர்கள்மேல்தான் வந்தது.

போல்ட் இரும்பு, ஃபோர்க்கின் அடிப்பாகம் அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். எங்கள் ஊர் உப்புக்காற்று வேறு. இரும்பும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் வெள்ளையாகப் பொடி பூத்து மரையை அரித்துவிடும். அப்படி அரித்த மரையில், காற்றழுத்தத்தால் போல்ட் முடுக்கும் ஏர் கன்னை வைத்து முடுக்கினால் எப்படித் தாங்கும்? அந்த வண்டியின் கையேட்டில் இந்த எட்டு எம்எம் போல்ட்டுக்கு இறுக்கம் 30 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. ஒரு சாண் ஸ்பானரின் நுனியில் ஒரு 14, 15 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, அவ்வளவுதான். அதே ஸ்பானரில் இரண்டு சாண் பைப்பைச் சொருகி அதே கைப்பலத்தைக் கொடுத்தால் இறுக்கம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

மரை போனால் ஃபோர்க்கையே தூக்கிப் போட வேண்டும் என்றில்லை. ஹெலிகாயில் என்று ஒன்று இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சிறு ஸ்பிரிங் போலச் சுருட்டியிருப்பார்கள். துளைக்குள் இறக்கிவிட்டால் அதுவே போல்ட்டுக்குப் புது மரை. விமான எஞ்சின்களில் அலுமினியத்துக்குள் போல்ட் இறங்கும் இடங்களில் போடுகிற அதே சாமான். ஒழுங்காகப் போட்டால் பழைய மரையைவிட உறுதியாக நிற்கும்.

நான் ஃபோர்க் குழாயைக் கழற்றி, பழைய நண்பரின் பட்டறைக்குக் கொண்டுபோய், டிரில்லிங் மிஷின் மேஜையில் கிடத்தி லெவல் பார்த்துக் கட்டினேன். இந்த இடத்தில் அவசரமே கூடாது. கை டிரில்லால் ஓட்டினால் துளை சாய்ந்துவிடும், அப்புறம் காலிபர் டிஸ்க்குக்கு நேராக உட்காராது. 8.3 எம்எம் டிரில்லால் துளையைத் திறந்தேன். பிறகு ஹெலிகாயிலுக்கென்றே வரும் டேப். சுற்றுகிற டேப் இல்லை, துளைக்குள் மரை வெட்டுகிற கருவி. சாதாரண எட்டு எம்எம் டேப் இதற்கு ஆகாது. மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெதுவாக இறக்கினேன். ஒவ்வொரு முறை பின்னே திருப்பும்போதும் சீவல் ஒடியும் அந்தச் சின்னச் சத்தம் விரல் வழியாகத்தான் தெரியும். துளையைச் சுத்தமாகத் துடைத்து, காற்று அடித்து, 12 எம்எம் நீளக் காயிலைத் திருகி உள்ளே விட்டேன். அது மேல்விளிம்புக்கு அரைச் சுற்றுக் கீழே நிற்க வேண்டும். கடைசியில் காயிலின் அடியில் இருக்கும் வாலை ஒரு தட்டுத் தட்டி ஒடித்து எடுத்தேன். புதுப் போல்ட்டைப் போட்டு, வைத்த அளவு இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். 'கிளிக்' என்றதும் நிறுத்திவிட்டேன். மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை.

சிலர் பத்து எம்எம் போல்ட்டுக்குப் பெரிசாக்கிவிடலாம் என்பார்கள். ஃபோர்க்கில் போல்ட் இறங்குகிற அந்தக் காதில் அவ்வளவு சதை கிடையாது, வெடித்துவிடும். சிலர் எம்-சீல் வைப்பார்கள், சிலர் நூல் சுற்றுவார்கள். பிரேக்கில் இதெல்லாம் செய்யவே கூடாது. அதேபோல, பிரேக் ஆயில் போகிற பாஞ்சோ போல்ட்டின் மரையோ, காற்று எடுக்கிற சின்ன நிப்பிளின் மரையோ போய்விட்டால் நான் காயில் போட மாட்டேன். சீவல் உள்ளே போய்விட்டால் பிஸ்டன் சீலைக் கிழிக்கும். செலவைப் பார்க்காமல் காலிபரையே மாற்றிவிடுங்கள். பாஞ்சோ போல்ட்டைக் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்க வாஷரும் புதிதாகப் போட வேண்டும். பழைய வாஷரில் கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கித்தான் பாதிப் பேர் மரையைப் போக்குகிறார்கள்.

2019 ஏப்ரலில் இருந்து, விற்பனைக்கு வரும் 125 சிசிக்கு மேற்பட்ட புது இருசக்கர வண்டிகளுக்கெல்லாம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் அந்த ஏபிஎஸ் வேலை செய்வதும் இதே காலிபர் வழியாகத்தானே? காலிபரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் மரை இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்?

பட்டறை வைத்திருப்பவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒரு டார்க் ரெஞ்ச், எட்டுக்கும் பத்துக்கும் ஒரு ஹெலிகாயில் செட் வாங்கி வையுங்கள். மொத்தமே சில ஆயிரம் ரூபாய்தான். வேலை பார்க்கும் பையன் மரையைப் போக்கிவிட்டால் ஏசாதீர்கள், சம்பளத்தில் பிடிக்காதீர்கள். வந்து சொல்லும்படி வையுங்கள். ஐடிஐ ஃபிட்டர் பிரிவில் டேப்பால் மரை வெட்டச் சொல்லித் தருகிறார்கள். மோட்டார் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளுக்கும் பழைய காலிபர், பழைய ஃபோர்க் ஒன்றைக் கொடுத்து இந்தக் காயில் போடும் வேலையைப் பழக்க வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்கள் பிரேக் வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, எந்த போல்ட்டிலாவது மரை போயிருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மருமகன் வண்டியில் இரண்டு போல்ட் தலையிலிருந்தும் காலிபர்மேல் படுகிற மாதிரி சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பேத்திதான் குனிந்து பார்த்து "நேரா இருக்கு தாத்தா" என்கிறாள்.

அந்தப் பட்டறைப் பையன் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக வீட்டுக்கு வருகிறான். பழைய அலுமினியத் துண்டில் இதுவரை ஆறு காயில் போட்டிருக்கிறான். முதல் இரண்டும் சாய்ந்துவிட்டன, மற்ற நாலும் நேராக நிற்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
தூத்துக்குடி.