தளபதியின் தமக்கை மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் வாக்குரிமைப் போராளிகளைப் பற்றித் தங்கள் மகளிர் தினச் சிறப்பிதழில் வந்த கட்டுரை, சார்லட் டெஸ்பார்டுக்கு ஒரே ஒரு வரியை ஒதுக்கியிருந்தது. அதுவும் 'முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைத்தளபதியாக இருந்த ஜான் பிரெஞ்சின் சகோதரி' என்று. தந்தை இறந்து, தாய் மனநலம் குன்றிய வீட்டில் அந்தத் தம்பியை வளர்த்த அக்காமாரில் அவரும் ஒருவர் என்பதால், தளபதியைத்தான் 'டெஸ்பார்டின் தம்பி' என்று எழுதியிருக்க வேண்டும்.

வாக்குரிமைச் சங்கத்தை நடத்திய பாங்கர்ஸ்ட் அம்மையாரின் தனியாதிக்கம் பொறுக்காமல் 1907இல் அதிலிருந்து வெளியேறி மகளிர் சுதந்திர லீகைத் தொடங்கியவர்களுள் ஒருவர், லண்டனின் ஹாலோவே சிறைக்குப் போனவர், வாக்கில்லாதவளிடம் வரி எதற்கு என்று கட்ட மறுத்து வீட்டுச் சாமான்களை ஜப்திக்குக் கொடுத்தவர் என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. 1914இல் போர் மூண்டதும் பாங்கர்ஸ்ட் ஆள்சேர்ப்பு மேடை ஏறினார். தம்பி பிரான்சில் படை நடத்திக்கொண்டிருக்க, அக்கா சமாதானம் பேசினார். பெண்கள் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடிந்த 1918 டிசம்பர் தேர்தலில், 74 வயதில், பேட்டர்சீ வடக்குத் தொகுதியில் அதே கொள்கையோடு நின்றார். தோற்றார், போரில் வென்ற களிப்பில் இருந்த நாட்டில் வேறென்ன நடக்கும்? 1918 முதல் அயர்லாந்தில் தம்பி வைஸ்ராய். அக்காவோ அயர்லாந்து விடுதலைப் போராளி மாட் கானுடன் அங்குள்ள கார்க் பகுதியில் அலைந்து, அரசுப் படையும் போலீசும் செய்த கொடுமைகளுக்குச் சாட்சியம் திரட்டினார். இத்தனையும் 'சகோதரி' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும் என்று தங்கள் கட்டுரையாளர் கருதுகிறார் போலும்.

சென்ற ஆண்டுச் சிறப்பிதழில், 1918இல் பிரிட்டனில் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்ததாக எழுதினீர்கள். 30 வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உள்ளவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது என்றும், ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வாக்களிக்க 1928 வரை காத்திருந்தார்கள் என்றும் அஞ்சலட்டை போட்டேன். பதிலில்லை. அஞ்சல் துறையின் மீது பழியைப் போட்டு மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

31 ஆண்டுகள் வரலாறு கற்பித்து நான் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த பாராட்டு மடலில், என் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'முன்னாள் வட்டாட்சியரின் துணைவியார்' என்று அச்சிட்டிருந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு அது இன்னும் எங்கள் கூடத்தில்தான் தொங்குகிறது. என் பெயரும் அதில் இருக்கிறதே என்று கழற்ற மனம் வரவில்லை.

நான் கேட்பதெல்லாம் அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம். இடப்பற்றாக்குறை என்றால், தளபதியின் பெயரை எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்