லைனேயா, டுபுவாவா என்று வாதாடிய நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

கனடாவின் வின்னிபெக்கில், நம் ஊர் ஐஸ் ஹாக்கி அணியான ஜெட்ஸின் ஆட்டம் என்றால் வேலையைப் போட்டுவிட்டு உட்காரும் நம் தமிழ்க் கூட்டத்துக்குத்தான் இந்த மடல். 2021 ஜனவரி 23 உங்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை. கொரோனா காலம், அரங்கம் பூட்டிக் கிடந்தது, ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க முடியாது. போனிலேயே மணிக்கணக்கில் சண்டை போட்டோம். பாட்ரிக் லைனேயையும் ஜாக் ரோஸ்லோவிக்கையும் கொலம்பஸுக்கு அனுப்பிவிட்டு, பியர்-லூக் டுபுவாவையும் 2022ஆம் ஆண்டு டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் தேர்வில்) மூன்றாம் சுற்று வாய்ப்பையும் ஜெட்ஸ் வாங்கிய நாள் அது.

நான் லைனே பக்கம் நின்றேன். "ஏமாந்துவிட்டோம்" என்று அன்றைக்கே சொன்னேன். லைனே ஓரத்தில் ஆடும் விங்கர், டுபுவா நடுவில் ஆடும் சென்டர். உங்களில் பாதிப்பேர் "விங்கர் எங்கேயும் கிடைப்பான், நல்ல சென்டர் கிடைக்கமாட்டான்" என்றீர்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஃபார்ம் இல்லாத இரண்டு ஃபார்வர்டுகள் (கோல் அடிக்க முன்னால் ஆடுபவர்கள்) எங்கே கைமாறினாலும் அதே வாதம், அதே வேகத்தில் கிளம்புகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நாம் அன்று கேட்ட கேள்வியிலேயே கோளாறு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் அன்றைய நிலைமை. 2016 டிராஃப்டில் இரண்டாவதாக லைனேயை எடுத்தது வின்னிபெக், மூன்றாவதாக டுபுவாவை எடுத்தது கொலம்பஸ். அடுத்தடுத்து எடுத்த இருவர் ஐந்தாவது சீசனுக்குள் ஒருவருக்கொருவர் மாற்றாகப் போனார்கள். இரண்டு பேருமே இருந்த இடத்தில் மனசு ஒட்டாமல் இருந்தவர்கள். டுபுவா வெளிப்படையாகவே டிரேட் கேட்டிருந்தார். ஜனவரி 21 அன்று டாம்பாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் ஆடிய ஒரு ஷிஃப்டை (ஒரு தடவை களத்தில் இறங்கி ஆடும் சிறு நேரம்) எத்தனை தடவை திரும்பப் போட்டுப் பார்த்தோம்! பக் (ஆட்டத்தின் வட்டு) பக்கத்திலேயே கிடக்கிறது, எதிராளி எடுத்துக்கொண்டு போகிறார், இவர் சும்மா வழுக்கிக்கொண்டே பின்னால் போகிறார். கொலம்பஸ் பயிற்சியாளர் ஜான் டார்டொரெல்லா அதோடு அவரை உட்கார வைத்துவிட்டார். அன்று அவர் ஆடியது மொத்தம் 3 நிமிடம் 55 விநாடி. அதே மனிதர்தான் ஐந்து மாதம் முன்பு டொராண்டோவுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில், 3-0 என்று பின்தங்கியிருந்த அணிக்காக ஹாட்ரிக் அடித்து ஓவர்டைமில் ஜெயித்துக் கொடுத்தவர். இரண்டும் ஒரே ஆள், அதே கால்கள்.

லைனே கதை இன்னும் விசித்திரம். 2017-18இல் 44 கோல். அடுத்த சீசனில் 30. "இறங்கிவிட்டான்" என்றோம். ஆனால் அந்த 30 எப்படி வந்தது என்று பாருங்கள். 2018 நவம்பர் ஒரே மாதத்தில் 18 கோல். அதில் செயின்ட் லூயிஸுக்கு எதிராக ஒரே இரவில் ஐந்து ஷாட், ஐந்தும் கோல். மற்ற மாதங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் 12தான். இன்னொரு கணக்கும் உண்டு, அதை நாம் யாருமே அன்று எடுத்துப் பார்க்கவில்லை. 44 கோல் அடித்த ஆண்டில் அவர் அடித்த ஷாட் 241. 30 கோல் அடித்த ஆண்டில் 245. அதாவது அடிப்பதை அவர் நிறுத்தவேயில்லை. நூறு ஷாட்டுக்குப் பதினெட்டு உள்ளே போனது பன்னிரண்டாகக் குறைந்தது, அவ்வளவுதான். பதினெட்டு என்பதை யாராலும் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடியாது. பன்னிரண்டு ஒரு நல்ல ஷூட்டருக்கு இயல்பான அளவு. அவர் இறங்கவில்லை, நாம்தான் உச்சத்தில் இருந்ததை அவருடைய இயல்பு என்று எடுத்துக்கொண்டோம்.

சரி, டிரேட் முடிந்து முதல் சீசனில் என்ன ஆயிற்று? லைனே கொலம்பஸில் 45 ஆட்டம், 10 கோல், 21 பாயிண்ட் (கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்ந்தது). டுபுவா இங்கே 41 ஆட்டம், 8 கோல், 20 பாயிண்ட். கூடவே "சும்மா சேர்த்து அனுப்பியது" என்று நாம் தள்ளிய ரோஸ்லோவிக், தன் சொந்த ஊர் அணிக்கு 48 ஆட்டத்தில் 34 பாயிண்ட் எடுத்தார். இரண்டு பெரிய பெயர்களையும் தாண்டிவிட்டார். லைனேயும் போன சில வாரத்திலேயே, பிப்ரவரியில் கரோலினாவுக்கு எதிராக, அதே டார்டொரெல்லாவால் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். டுபுவா எழுந்துபோன அதே பெஞ்ச்.

ஊர் மாறினால் தானாக எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்த முதல் ஆண்டிலேயே உடைந்தது. அப்புறம் இருவருமே நிமிர்ந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். 2021-22இல் லைனே 56 ஆட்டத்தில் 56 பாயிண்ட். டுபுவா 81 ஆட்டத்தில் 28 கோல், 60 பாயிண்ட். இதில் யாருக்கு லாபம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லலாம். ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் லைனே மேலே. ஆட்டத்துக்கு வந்து நின்றவர் என்ற கணக்கில் டுபுவா மேலே.

நிஜமான வித்தியாசம் பனிக்கு வெளியே, ஒப்பந்தத்தில் இருந்தது. நீண்ட நாள் இங்கே தங்க டுபுவாவுக்கு விருப்பமில்லை என்பது 2022லேயே நமக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஊரின் குளிரைச் சொல்லியே எத்தனை பேர் போயிருக்கிறார்கள். ஆனால் ஜெட்ஸ் நிர்வாகி கெவின் ஷெவல்டேயாஃப் அவசரப்படவில்லை. இன்னொரு சீசன் வைத்திருந்தார், டுபுவா 63 பாயிண்ட் எடுத்தார். விலை ஏறியிருந்த நேரத்தில், 2023 ஜூனில், லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குக் கொடுத்துவிட்டு கேப்ரியல் விலார்டி, அலெக்ஸ் இயாஃபாலோ, ராஸ்மஸ் குபாரி மூவரையும் ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் வாங்கினார். விலார்டி 2024-25இல் 71 ஆட்டத்தில் 27 கோல் அடித்தார். ஜெட்ஸ் அந்த சீசனில் தரவரிசையில் 116 பாயிண்டோடு, லீக்கில் முதலிடம் வரும் அணிக்கான பிரசிடென்ட்ஸ் டிராஃபி எடுத்தது. கோல்கீப்பர் ஹெலபக்கின் காப்பு இல்லாமல் அது நடந்திருக்காது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் விலார்டி இல்லாத அந்த பவர் பிளேயை (எதிரணிக்கு ஆள் குறையும் நேரத்து ஆட்டத்தை) என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கொலம்பஸ் பக்கம் வாருங்கள். 2022இல் லைனேக்கு ஆண்டுக்கு 87 லட்சம் டாலர் வீதம் நான்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். காயத்துக்கு மேல் காயம். 2023-24இல் அவர் ஆடியது 18 ஆட்டம்தான். 2024 மார்ச்சில் ரோஸ்லோவிக் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். ஆகஸ்டில் லைனேயை மாண்ட்ரியலுக்கு அனுப்ப, அவரோடு ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து, ஜோர்டன் ஹாரிஸ் என்ற தடுப்பாட்டக்காரரை வாங்கிக்கொண்டார்கள். 2021 டிரேடுக்குப் பிறகு 2025 வரை கொலம்பஸ் ஒருமுறைகூட பிளேஆஃபுக்குள் வரவில்லை.

ஆக, 2021 டிரேடில் வின்னிபெக் ஜெயித்தது என்று நான் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் நீங்கள் சொன்ன காரணம் சரியில்லை. சென்டர் என்பதால் நாம் ஜெயிக்கவில்லை. அவரைச் சரியான நேரத்தில் விட்டுக்கொடுத்ததால் ஜெயித்தோம்.

அந்தச் சென்டர் கதையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிங்ஸ் டுபுவாவுக்கு எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 85 லட்சம் டாலர் கொடுத்தது. கொடுத்துவிட்டு கோபிட்டார், டனோ இருவருக்கும் பின்னால் மூன்றாவது சென்டராக வைத்தது. 82 ஆட்டம், 40 பாயிண்ட். ஒரே வருடத்தில் கோல்கீப்பர் டார்சி கெம்பருக்கு மாற்றாக வாஷிங்டனுக்கு அனுப்பியது. பணமும் போய் பேரும் போன டிரேட் என்று சிரித்தவர்கள் நம்மில் உண்டு. வாஷிங்டனில் அவருக்கு இரண்டாவது லைன் (சேர்ந்து இறங்கும் மூன்று ஃபார்வர்டுகளின் குழு) கொடுத்தார்கள், எதிரணியின் கனமான லைனைத் தடுக்கும் பொறுப்பும் கொடுத்தார்கள். 20 கோல், 46 அசிஸ்ட், 66 பாயிண்ட். அதுவரை அவர் எடுத்ததிலேயே அதுதான் அதிகம். அணி லீக்கின் கிழக்குப் பிரிவில் முதலிடம். அங்கே கெம்பரோ கிங்ஸுக்காக ஆடி சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதின் இறுதி மூவரில் ஒருவரானார். இரண்டு பக்கமும் ஜெயித்த டிரேட். கைமாறிய இருவருக்கும் தேவையாக இருந்தது ஒரு வேலை, ஓர் இடம்.

இது எனக்கு வீட்டிலேயே உறைத்த விஷயம். சென்ற குளிர்காலத்தில் என் மகன் விளையாடும் சிறுவர் அணியில் ஏழு ஆட்டம் அவனுக்கு கோலே இல்லை. காலை ஆறு மணிக்கு ஐஸ் ரிங்கில் முழங்காலிட்டு அவன் ஸ்கேட் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். விரல் மரத்துப் போய்விட்டது. தலையைக் குனிந்தபடியே கேட்டான்: "அப்பா, என்னை வேற டீமுக்குக் குடுத்துடுவாங்களா?" ஒன்பது வயது. நம் வீட்டு ஹாலில் நாம் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. இவன் போகணும், அவன் தேறமாட்டான், விற்றுத் தொலைக்கணும் என்று நாம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் இருந்திருக்கிறது. அப்போது அவன் கயிற்றை இன்னொரு முறை அவிழ்த்துக் கட்டினேன். பதில் சொல்ல எனக்கு நேரம் வேண்டியிருந்தது.

லைனேயின் அப்பா 2021 நவம்பரில் காலமானார். நாம் அவருடைய கோல் எண்ணிக்கையை வைத்து யார் ஏமாந்தது என்று பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. 2024 ஜனவரியில் தன் மனநலத்துக்காக லீக்கின் வீரர் உதவித் திட்டத்தில் சேர்வதாக அவரே வெளியே சொன்னார். அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை ஃபார்ம் இல்லாத இரண்டு ஃபார்வர்டுகள் கைமாறினால், யார் ஜெயித்தது என்று சொல்வதற்கு முன் அவன் ஷாட் குறைந்திருக்கிறதா, கோல் மட்டும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த லைனில், யாரோடு ஆடினான் என்று பாருங்கள். இங்கே எத்தனை ஆண்டு ஒப்பந்தம் மிச்சம், போகிற இடத்தில் அவனுக்கென்று ஒரு வேலை காத்திருக்கிறதா என்று பாருங்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு என்னோடு சண்டை போடுங்கள், விடிய விடியப் போடுவோம். ஆனால் பிள்ளைகள் இருக்கும் அறையில் "குப்பை", "செத்த காசு" என்ற சொற்கள் வேண்டாம். நானும் நிறுத்திவிட்டேன்.

2024 டிசம்பர் 3 அன்று, முழங்கால் காயம் ஆறி, மாண்ட்ரியலுக்காக லைனே முதன்முதலாக இறங்கியதை என் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவர் பெயரைச் சொன்னதும் அரங்கம் எழுந்து நின்றது. அப்புறம் ஒரு பவர் பிளே. பக் வந்தது, அடித்தார், கோல். நமக்குச் சம்பந்தமில்லாத அணி. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று கத்தினோம்.

அன்புடன்,
அன்று லைனே பக்கம் நின்ற உங்கள் நண்பன்