லிமோஜுக்கும் ஒரு கதவு வையுங்கள்

ஐரோப்பாவில் புதிய கூடைப்பந்து லீக் தொடங்கத் திட்டமிடும் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை லீக்), ஃபீபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2025 மார்ச்சில் நீங்கள் இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து, ஐரோப்பாவுக்கு ஒரு புதிய லீக் கொண்டுவர யோசிப்பதாக அறிவித்தீர்கள். சிலருக்கு நிரந்தர இடம், மிச்சமிருக்கும் சில இடங்களுக்குத் தகுதிப் போட்டி என்று பேச்சு. அன்றிலிருந்து இதுபற்றி எந்தச் செய்தியைத் திறந்தாலும் அதே ஊர்ப்பெயர்கள்தான்: பாரிஸ், லண்டன், இன்னும் சில பெருநகரங்கள்.

பாரிஸ் மேல் எனக்குப் பொறாமை இல்லை. இங்கேதான் இருக்கிறேன். லாச்சப்பலில் முருங்கைக்காயும் மீனும் வாங்கிக்கொண்டு வடக்கே நடந்தால், போர்த் த லா ஷப்பலில் 2024-இல் திறந்த புது அரங்கம். பாரிஸ் பாஸ்கெட்பால் கிளப் அங்கேதான் ஆடுகிறது. 2018-இல் தொடங்கிய கிளப், 2024-இல் ஐரோப்பாவின் இரண்டாம் படிப் போட்டியான யூரோகப்பை வென்றது, 2025-இல் பிரெஞ்சுச் சாம்பியன். நன்றாகத்தான் ஆடுகிறார்கள். நானும் டிக்கெட் எடுத்துப் போகிறவன்தான்.

நான் எழுத வந்தது வேறொரு ஊருக்காக. வீட்டில் நல்ல பீங்கான் தட்டு ஏதாவது இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் லிமோஜ் என்று பொடி எழுத்தில் இருந்தாலும் இருக்கும். அந்த ஊர்தான். சுமார் 1,30,000 பேர். பாரிசிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதிவேகத் தடம் அங்கே போகவில்லை. உங்கள் சந்தை ஆய்வில் இந்த ஊர் முதல் பக்கத்திலேயே அடிபட்டுப்போயிருக்கும்.

அங்கே 1929-இல் ஒரு பங்குக் கோவிலின் இளைஞர் மன்றமாகத் தொடங்கியது செர்க்கிள் சேன்-பியேர், அதாவது புனித பேதுரு வட்டம். சுருக்கமாக சி.எஸ்.பி. லிமோஜ். கோவில் வளாகத்துப் பையன்கள் பந்து போட்டு விளையாடிய அந்த மன்றம், 1982-இலும் 1983-இலும் ஐரோப்பாவின் மூன்றாம் படிப் போட்டியான கோராச் கோப்பையை வாங்கியது. இரண்டு இறுதிப் போட்டியிலும் எதிரே நின்றது யுகோஸ்லாவியாவின் ஷிபெங்கா. அந்த அணியில் ஒரு விடலைப் பையன் ஆடிக்கொண்டிருந்தான், பெயர் திராஜென் பெத்ரோவிச். பின்னாளில் உங்கள் என்.பி.ஏ.வில் ஆடி, கூடைப்பந்து மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற அதே பெத்ரோவிச். 1988-இல் ஸ்பெயினின் பதலோனாவை வென்று ஐரோப்பாவின் இரண்டாம் படியான கோப்பை வெற்றியாளர் கோப்பையும் வந்தது. உள்நாட்டில் 1983 தொடங்கி மூன்று வருடம் வரிசையாகச் சாம்பியன், 1988 தொடங்கி மறுபடி மூன்று.

சரி, இதெல்லாம் முன்கதை. 1993-க்கு வருவோம்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பாவின் தலைக்கோப்பைக்கான கடைசிக் கட்டத்துக்கு ஏதென்ஸ் அருகே பிரேயஸில் நான்கு அணிகள் கூடின. உள்ளூர்க்காரர்கள் ஆரவாரம் செய்ய கிரேக்கத்தின் பாவோக். நட்சத்திர ஆட்டக்காரர் சபோனிஸை வைத்திருந்த ரியல் மாட்ரிட். இன்னொரு நட்சத்திரம் கூகோச்சை வைத்திருந்த இத்தாலியின் பெனெத்தோன் திரெவீசோ. நான்காவதாக லிமோஜ். யாரும் லிமோஜ் மேல் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

லிமோஜின் பயிற்சியாளர் போஜிதார் மல்கோவிச். அவர் ஆட்டத்தைப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். அப்போது ஒரு அணி 30 விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தால் போதும். லிமோஜ்காரர்கள் அந்த 30 விநாடியையும் கடைசிச் சொட்டு வரை பிழிந்தார்கள். மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பந்தைக் கொடுப்பார்கள், திரும்பி ஓடி வந்து மதில் மாதிரி நிற்பார்கள். அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 62-52 என்று மடக்கினார்கள். இன்றைக்கு உங்கள் ஆட்டங்களில் இடைவேளைக்கே ஓர் அணி அறுபதைத் தொட்டுவிடுகிறது! அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். தோற்றுப்போன திரெவீசோவின் பயிற்சியாளர் பெதார் ஸ்கான்சி, இப்படி ஜெயிப்பது கூடைப்பந்துக்கே கெடுதல் என்கிற மாதிரி அப்போதே கொதித்தார். தோற்றவர் சொல்வதுதானே.

அணியைக் கொஞ்சம் பாருங்கள். 1982 கோராச் கோப்பையிலேயே ஆடிய ரிஷார் தகூரி, வயதாகியும் அங்கேயே இருந்தார். மைக்கேல் யங் என்ற அமெரிக்கர், பலகைக்கடியில் எகிறிப் பந்தெடுக்கும் ஜிம் பில்பா. ஸ்லோவேனியாக்காரர் யூரி ஸ்தோவ்ச் இருந்தார். இவர் 1991 ஐரோப்பியப் போட்டியின் நடுவே தன் நாடு சுதந்திரம் அறிவித்ததும் யுகோஸ்லாவியச் சட்டையைக் கழற்றிவிட்டு வெளியேறியவர். அப்புறம் பிரெதெரிக் ஃபோர்த், இருபத்து மூன்றே வயதான மாற்று ஆட்டக்காரர்.

இறுதிப் போட்டி ஏப்ரல் 15. கூகோச்சின் கைவாகு மல்கோவிச்சுக்கு அத்துபடி. 1989-இலும் 1990-இலும் ஸ்ப்ளித் அணியை ஐரோப்பியச் சாம்பியனாக்கியபோது அந்த அணியில் அவருக்குக் கீழே ஆடியவர்தான் கூகோச். கடைசி விநாடிகள். லிமோஜ் ஒரு கூடை அளவுக்குத்தான் முன்னால். பந்து கூகோச் கையில். இரண்டு மீட்டரைத் தாண்டிய அந்த ஆள் நிமிர்ந்து எறிந்தால் தடுக்க ஆளில்லை. ஃபோர்த் அவரைவிட ஒரு சாண் குட்டை என்று சொன்னால் பெரிய பொய்யில்லை. கையை விட்டார், பந்தைத் தட்டிப் பறித்தார். 59-55. சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் கூகோச்சுக்கே போனது, கோப்பை பீங்கான் ஊருக்குப் போனது.

பிரான்சின் ஆண்கள் கூடைப்பந்திலோ கால்பந்திலோ அதுவரை எந்தக் கிளப்பும் ஐரோப்பாவின் தலைக்கோப்பையைத் தொட்டதில்லை. ஒலிம்பிக் மார்செய் கால்பந்தில் அதைச் செய்தது 41 நாள் கழித்து. பிரெஞ்சு ஆண்கள் கூடைப்பந்துக் கிளப் ஒன்று மறுபடி அந்த உயரத்துக்குப் போய் நான் பார்க்கவில்லை.

இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். சின்ன ஊர், சின்னக் கல்லாப்பெட்டி, கடனில் முழுகிவிடுவார்கள். மறைக்க மாட்டேன், முழுகினார்கள். 2000-இல் துஷ்கோ இவானோவிச்சின் கீழ் லிமோஜ் ஒரே பருவத்தில் பிரெஞ்சுப் பட்டம், பிரெஞ்சுக் கோப்பை, கோராச் கோப்பை மூன்றையும் வாரிக்கொண்டது. கோப்பைகளுக்குத் தூசி தட்டுவதற்குள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் நிலைக்கு இறக்கிவிட்டார்கள். (அந்த அணியின் நெட்டை ஆள்தான் பிரெதெரிக் வைஸ். சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் வின்ஸ் கார்ட்டர் தலைக்கு மேலே தாண்டிக் குதித்துப் பந்தைக் கூடையில் போட்ட அதே வைஸ். மூன்று கோப்பை வாங்கிய வருடத்தை விட்டுவிட்டு அந்த ஒரு படத்தையே உலகம் கால் நூற்றாண்டாகப் பார்க்கிறது.) மறுபடி ஏறி வந்து, 2004-இல் ஒரேயடியாகத் திவாலாகி மூன்றாம் நிலைக்குப் போனது. கணக்கை அப்படி வைத்திருந்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். அந்த இடிபாட்டில் தலைவராக வந்து உட்கார்ந்தவர் யார்? கூகோச் கையிலிருந்து பந்தைப் பறித்த ஃபோர்த். ஐரோப்பியச் சாம்பியன் கிளப் மூன்றாம் நிலையில் ஊர் பேர் தெரியாத அணிகளோடு ஆடியது. போபிளாங் அரங்கத்துக்கு அப்போதும் ஆயிரக்கணக்கில் பச்சைச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். படி படியாக ஏறி, ஒருமுறை வழுக்கி, 2012-இல் முதல் நிலைக்குத் திரும்பினார்கள். 2014-இலும் 2015-இலும் ஸ்திராஸ்பூரை வீழ்த்திச் சாம்பியன். 2017 டிசம்பர் 31-இல் ஃபோர்த் மாரடைப்பில் போய்விட்டார். வயது 47.

2014-இல் பிரெஞ்சுப் பட்டம் வென்றதால் லிமோஜுக்கு ஐரோப்பாவின் தலைப் போட்டியான யூரோலீக்கில் இடம் கிடைத்தது. போட்டி விதி அப்படி இருந்தது. 2016-இல் யூரோலீக் தன் கதவைப் பெரும்பாலும் உரிமம் உள்ளவர்களுக்கே என்று சாத்திக்கொண்டது. அடுத்த மூன்று பருவம் யூரோலீக்கில் ஒரு பிரெஞ்சு அணிகூட இல்லை. 2019-இல் டோனி பார்க்கரின் வில்லர்பான் அணி உள்ளே வந்தபிறகுதான் அந்தப் பஞ்சம் தீர்ந்தது. நீங்கள் புதிதாகக் கட்டப்போகும் வீட்டிலும் அதே தாழ்ப்பாளைப் போட்டுவிடக்கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லிமோஜ் ஒன்றை மட்டும் பார்த்துக் கேட்கவில்லை. சுமார் 10,000 பேர் வாழும் ஓர்தேஸ், 1984-இல் கோராச் கோப்பையை வென்றபோது ஊர்ச் சந்தைக் கொட்டகையில்தான் ஆடிக்கொண்டிருந்தது. உங்கள் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கிய ரூடி கோபேர், ஷோலே என்ற சின்ன ஊர்க் கிளப்பில் வளர்ந்தவர். நீங்கள் அறுவடை செய்யும் வயல் எது என்று உங்கள் ஆள்தேடும் குழுவைக் கேட்டாலே சொல்வார்கள்.

நான் கேட்பது சின்னது. ஒவ்வோர் ஆண்டும் பிரெஞ்சுச் சாம்பியனுக்கு உங்கள் லீக்கில் நேரடியாக ஓர் இடம். எந்த ஊர் என்று பார்க்காமல், அரங்கத்தில் எத்தனை நாற்காலி என்று எண்ணாமல். கணக்குப் பார்க்க வேண்டுமா, தாராளமாகப் பாருங்கள். பிரெஞ்சு லீக்கில் அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, மூன்று கோப்பை வாங்கியவனையே கீழே இறக்கிய குழு. கணக்குச் சரியில்லை என்று ஒரு கிளப்பை வெளியே நிறுத்தினால் நான் வாய் திறக்க மாட்டேன்.

விதிகளை எழுதி முடிப்பதற்குமுன் ஒரு நாள் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் லிமோஜ் ரயில் ஏறுங்கள். போட்டி நாளாகப் பார்த்துப் போங்கள். இறங்கியதும் பச்சைச் சால்வை போட்ட யாரையாவது பின்தொடர்ந்தால் போபிளாங் வந்துவிடும். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.

இப்படிக்கு,
பாரிசிலிருந்து ஒரு கூடைப்பந்து ரசிகன்