புரூஃப் பார்க்கவும் ஒரு படிப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். அச்சேறும் முன் பிழை பார்த்துத் திருத்தும் மெய்ப்புத் திருத்தத்தை (புரூஃப்) அஞ்சல் வழியில் படித்துவிட்டு, திருமங்கலத்தில் வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கிறேன். நான் அனுப்பிய முதல் பாடத்தாளில் ஒரே இடத்தில் சிவப்பு மை: 'வேலைக் கொடுத்தார்' என்பதைத் திருத்தாமல் விட்டிருந்தேன். 'வேலை கொடுத்தார்' என்றால் பணி. 'க்' சேர்ந்தால் முருகன் கை வேல். எழுத்தெழுத்தாகப் பார்க்கப் பழகியது அன்றிலிருந்துதான்.

அப்புறம் வேலை பிடிப்பதுதான் பெரும்பாடு. ஓர் அச்சகம் 120 பக்கம் பார்க்க வைத்துவிட்டுக் கூலியே தரவில்லை. இப்போது பாதிப் பணம் கைக்கு வராமல் தாளைத் தொடுவதில்லை.

1901-இல் தமிழ்ச் சங்கம் கண்ட மதுரையில், கல்யாணப் பத்திரிகையில்கூடப் பிழை மலிந்திருப்பது மனதை உறுத்துகிறது. காமராசர் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியில் இதற்கெனச் சான்றிதழ் படிப்பு நடத்தினால் பல பெண்கள் சேருவார்கள். கூலி பேசவும் அதில் சொல்லித்தர வேண்டும்.

ஒரு வாசகி,
திருமங்கலம்.